வெள்ளிக்கிழமை அரைநாள்

4 அக்டோபர் 2016, செவ்வாய்

மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நகரவில்லை. நான் கண்டியில் எங்கள் கடையை அடையும்போது ஒன்பதரை தாண்டிவிட்டது. ஷட்டர் திறந்திருந்தது, வாசல் துடைத்திருந்தது, லேஸ் சுருள்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாவது சாவி வீரம்மாவிடம் இருப்பதால் என் பிழைப்பு ஓடுகிறது. மஹய்யாவயிலிருந்து குடையோடு நடந்தே வந்திருக்கிறாள். சேலை ஓரமெல்லாம் ஈரம்.

"தாத்தா, டீ ஊத்தவா?" என்றாள். என் சொந்தத் தங்கை ரபீகா என்னை எப்படிக் கூப்பிடுவாளோ, இவளும் அப்படியே, அக்கா முறை வைத்து, தாத்தா என்றுதான் கூப்பிடுகிறாள். வாப்பா வேலைக்குச் சேர்த்தவள். வாப்பா மௌத்தாகி நான் கடைக்கு வந்து ஏழு வருடம். எனக்கு இந்தப் பொத்தான், நூல், லேஸ் வியாபாரத்தைக் கற்றுத் தந்தவளே இவள்தான். பதினெட்டாம் நம்பர் பொத்தானுக்கும் இருபதாம் நம்பருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இன்னும் கண்ணாடி போட்டால்தான் தெரியும். அவள் விரலால் தடவியே சொல்லிவிடுவாள்.

மதியம் டோஹாவிலிருந்து மகன் தாஸிம். ஒவ்வொரு செவ்வாயும் அதே பேச்சு. "கடைய வாடகைக்கு விடுங்க உம்மா, ஒங்கட முழங்காலுக்கு இனி இது ஏலாது." கையில் டீ இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். "ஜனவரில பார்ப்பம் மகன். எனக்கும் ஏலாமத்தான் ஈக்கு" என்றேன். வீரம்மா ஏணியில் நின்று மேல்தட்டிலிருந்து பெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு இன்னும் மூன்றரை வாரம். கொக்கியும் ஜரிகை லேஸும் பறக்கின்றன.

6 அக்டோபர், வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். என்னை நல்லவளாகக் காட்டாமல் எழுத வேண்டும்.

பதினோரு மணிபோல் ஒருவர் வந்தார். கையில் கோப்பு. லேஸ் வாங்க வந்தவர் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. தொழில் திணைக்களத்து அதிகாரி, பெயர் வீரசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தெருவில் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்களாம்.

"எத்தினை பேர் வேலை செய்யினம்?"

"ஒராள்தான். இவ, வீரம்மா."

"நியமனக் கடிதம் குடுத்திருக்கிறீங்களோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடிதமா? இவ எங்கட குடும்பம் மாதிரி. குடும்பத்துக்குள்ள யாரு கடிதம் கொடுக்கிற?"

அவர் சிரிக்கவில்லை. "குடும்பமெண்டா சொத்தில பங்கு இருக்குமே அம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார்.

அடுத்தது விடுமுறை. கடையில் வேலை செய்பவருக்குக் கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்பது சட்டமாம். "கொடுக்கிறோமே" என்றேன் தைரியமாக. ஞாயிறு முழுநாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகப் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை கடை அடைப்பு. அது அரைநாள். வாப்பா காலத்திலிருந்து இதே கணக்குத்தான். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு மணித்தியாலம் அரைநாளோ?"

"ஷட்டர் பூட்டுறமே!" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது, நான் என்ன சொன்னேன் என்று.

பிறகு அவர் வீரம்மா பக்கம் திரும்பினார். எப்போதிருந்து இங்கே வேலை என்று கேட்டார். பதினான்கு வருடம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இந்தத் தைப்பொங்கலுக்கு அப்புறந்தாங்க சேந்தேன்." கண் இமைக்கவில்லை. "சனிக்கிழமை ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிருவேங்க. கடிதம் எழுதிக்கிட்டு இருக்காங்க, அடுத்த வாரம் தந்துருவாங்க."

சனிக்கிழமை ஒரு மணிக்காம்! சனிக்கிழமைதான் இரவு ஏழு வரைக்கும் நிற்கிறவள்.

அவர் அப்படியே எழுதினார். வாசித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். போகும்போது என்னிடம் சொன்னார்: "கடிதத்தை ரெண்டு கிழமைக்குள்ள குடுங்கோ. ஒன்பது மாச ஊழியர் எண்டு பதிஞ்சிருக்கு. இனி இதுதான் அவவின்ர கணக்கு."

நான்? நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு நான் செய்த வேலை அதுதான்.

அவர் படியிறங்கியதும் வீரம்மா, "தாத்தா, வெள்ளை எலாஸ்டிக் முடிஞ்சிருச்சு, சொல்லிவிடணும்" என்றாள். ஒன்றும் நடக்காத மாதிரி. நானும் சரி என்றேன்.

7 அக்டோபர், வெள்ளி

ஹபீல் நானா வந்தார். என் சாச்சியின் மகன், எனக்கு அண்ணன் முறை, பக்கத்தில் செருப்புக் கடை. அவர் கடைக்கும் அதிகாரி போயிருக்கிறார். நடந்ததைச் சொன்னேன்.

"ஒனக்கு நல்ல காலம் குல்சும். பதினாலு வருஷம்னு எழுதியிருந்தா நீ இன்னேரம் கோர்ட்டுக்கு நடந்து நடந்து கால் தேஞ்சு போற. விட்டுடு. அவளே சொன்ன, அவளே கையெழுத்தும் வெச்ச."

நல்ல காலம் என்றுதான் நானும் நினைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்றுகூடச் சொன்னேன். எழுதவே கூசுகிறது.

வீரம்மாவுக்கு வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய கைம்மாறு!

9 அக்டோபர், ஞாயிறு

கணவர் மக்கீனிடம் சொல்லாமல் மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். ஓய்வு பெற்றும் படிப்பிப்பதை விடவில்லை, வகுப்பில் இப்போது நான் ஒருத்திதான்.

"அவ யாருக்காகப் பொய் சொன்ன?"

"எனக்காக."

"லாபம் யாருக்கு?"

"எனக்கு."

"நட்டம்?"

நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். உருவிய காம்பையே திரும்பத் திரும்ப உருவினேன். அவர் விடவில்லை. "பதினாலு வருஷத்துல ஒன்பது மாசம் போக மிச்சத்த யார் எடுத்த?"

நான் எடுக்கவில்லை என்று கத்தினேன். நான் கேட்டேனா அவளை? நான் சொல்லிக் கொடுத்தேனா? அவளாகத்தானே சொன்ன! இவர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணக்கு வாத்தியாரைக் கட்டினால் ஞாயிற்றுக்கிழமையும் பரீட்சைதான்.

ஆனால் ஒன்று மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஜனவரியில் நான் கடையை மூடினால்? வீரம்மா ஒரு வருடம்கூட முழுதாக வேலை செய்யாதவளாக ஷட்டருக்கு வெளியே நிற்பாள். எங்கே போய்த் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டாலும் அவள் கையெழுத்தே அவளுக்கு எதிராகப் பேசும். அந்தப் பதினான்கு வருடம் எங்கே போயிற்று என்று கேட்க யாரும் இருக்கமாட்டார்கள், எனக்கு மட்டும்தான் தெரியும்.

11 அக்டோபர், செவ்வாய்

தாஸிம் பேசினான். கடைப் பேச்சு வரும் முன் வைத்துவிட்டேன்.

12 அக்டோபர், புதன்

கடையில் இரண்டு கதிரை. ஒன்று என்னுடையது. மற்றது வாடிக்கையாளர் உட்கார. வீரம்மா வலது காலில் கொஞ்ச நேரம் நிற்கிறாள், இடது காலுக்கு மாறுகிறாள், பிறகு மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்க்கிறாள். யாராவது வந்தால் உடனே நிமிர்ந்துவிடுகிறாள். எப்போதிருந்து இப்படி? ஏழு வருடம் எதிரே உட்கார்ந்திருந்தும் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"அந்தக் கதிரையில இரியேன்" என்றேன். "ஆள் வந்தா எங்க ஒக்காருவாங்க தாத்தா?" என்று நின்றபடியே ரிப்பன் சுற்றினாள்.

14 அக்டோபர், வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு நான் ரபீகா வீட்டுக்குப் போவேன். தொழுது, சாப்பிட்டு, கொஞ்சம் சாய்ந்துவிட்டு இரண்டு மணிக்குத் திரும்புவேன். வீரம்மா கடைக்குள்ளேயே இருப்பாள். மஹய்யாவ மேட்டில் ஏறி இறங்கினால் ஒரு மணி நேரம் நடையிலேயே போய்விடும் என்பாள். உள்ளே படுத்து ஓய்வெடுக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அரைநாள்!

இன்றைக்கு ரபீகா வீட்டில் இல்லை. பேராதனை ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்கப் போய்விட்டாள். அரை மணி நேரத்திலேயே திரும்பி வந்தேன். ஷட்டர் ஒரு சாண் உயர்ந்திருந்தது, உள்ளே வெளிச்சம். தூக்கிப் பார்த்தேன்.

தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். கிழமை முழுவதும் வாடிக்கையாளர் கிளறிக் கலந்துபோட்ட பொத்தான் எல்லாம் முன்னால் குவிந்து கிடக்கிறது. நிறம் நிறமாக, நம்பர் நம்பராகப் பிரித்துப் பெட்டியில் போடுகிறாள். சோற்றுப் பார்சல் பக்கத்தில், பாதி சாப்பிட்டபடி.

"என்ன செய்ற வீரம்மா?"

"கலந்து போனதப் பிரிக்கிறேன் தாத்தா. ஆள் வராத நேரத்துலதான் இது ஓடும்."

"ஒவ்வொரு வெள்ளியுமா?"

"ஆமா. பெரியவர் காலத்துல இருந்தே." நான் எதற்கு இதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் பெட்டிகள் ஒழுங்காக இருக்கும். நானும் திறந்து விற்பேன். யார் ஒழுங்குபடுத்துகிறார்கள் என்று ஏழு வருடத்தில் ஒரு தடவை கேட்டேனா? பொத்தான் தானாக எழுந்து அதனதன் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது என்றா நினைத்தேன்? அதிகாரியிடம் அவ்வளவு தைரியமாக அரைநாள் என்றேனே! அந்த இரண்டு மணி நேரமும் அவளுக்கு வேலைதான். ஷட்டர் இறங்கியதால் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உட்கார்ந்து கூடப் பிரிக்க நினைத்தேன். முழங்கால் மடங்கவில்லை. கதிரையில் இருந்து அவள் தலை வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நரைத்திருக்கிறது.

15 அக்டோபர், சனி

போயா, பௌர்ணமி விடுமுறை. கடை மூடல். நாள் முழுவதும் சமையலறையில் எதையாவது கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் இவரிடம், "செவ்வாய்க்கிழமை அந்த அதிகாரிட தொழில் கந்தோருக்கு என்னோட வாறீங்களா?" என்றேன். "வாறேன்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுசன்.

17 அக்டோபர், திங்கள்

போவதற்கு முன் அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். "அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்ன?"

கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

"தாஸிம் தம்பிகிட்ட போன்ல பேசுனது கேட்டுச்சு தாத்தா. கடைய மூடப் போறீங்க. இதுல கேஸு கீஸுன்னு வந்தா நாளைக்கே மூடிட்டுப் போயிருவீங்க. நாப்பத்தாறு வயசுல என்னை எந்தக் கடையில சேப்பாங்க? மவ நர்சிங் படிப்பு முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அது வரைக்கும் ஓடுனாப் போதும்னு நெனச்சேன்."

என்மேல் வைத்த பாசத்தில் சொன்னாள் என்று பதினொரு நாளாக உள்ளுக்குள் ஒரு பெருமை எனக்கு. எவ்வளவு நல்ல எஜமானி நான், எனக்காகப் பொய்யே சொல்கிறாளே என்று. பாசமாவது! பயம். என்னைப் பார்த்துப் பயம். நான் எழுந்து போய்விடுவேன் என்று பயம்.

என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "பாசமுந்தான் தாத்தா. ரெண்டுந்தான்" என்றாள்.

கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அவள் கத்தரிக்கோலை எடுத்து, தேவையில்லாமல் ஒரு நாடாவை வெட்டினாள்.

18 அக்டோபர், செவ்வாய்

தொழில் கந்தோர். வாசல் வாங்கில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வீரசிங்கம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நின்றுகொண்டே கொட்டிவிட்டேன். பதினான்கு வருடம், கடிதம் இல்லை, சனிக்கிழமை அரைநாள் இல்லை, வெள்ளிக்கிழமை அரைநாளில் பொத்தான் பிரிக்கிறாள், எல்லாவற்றையும்.

பிறகுதான் பயம் பிடித்தது. "பொய் சொன்னதுக்கு அவவுக்கு ஏதும் ஆகுமா மகன்? எனக்கு என்னவெண்டாலும் எழுதுங்க. அவவ விட்டுடுங்க."

"இருங்கோ அம்மா" என்று கதிரையைக் காட்டினார். "அவ சொன்னது சரியில்லை எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கினது. ஒன்பது மாசம் வேலை செய்யிற ஆள் பின்னால திரும்பிப் பாக்காமலே கையை நீட்டிச் சரியான பெட்டியை எடுக்கமாட்டா."

"அப்ப ஏன் எழுதினீங்க?"

"அவ சொல்லுறதைத்தானே நான் எழுதலாம். நீங்கள் ஏதும் சொல்லுவீங்களோ எண்டு கொஞ்ச நேரம் பாத்தனான்."

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நினைவிருக்கிறது.

என்னிடம் எழுத்து மூலம் வாங்கிக்கொண்டார். ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் பேரில் மாதாமாதம் கட்டாமல் விடுபட்டதை எல்லாம் கட்ட வேண்டும். தவணை கேட்டுக் கடிதம் கொடுத்தோம். மற்றதை இவர் பார்த்துக்கொள்வார், கணக்கு வாத்தியார் ஆயிற்றே. இனி நியமனக் கடிதம் வேண்டும், அதில் சேர்ந்த திகதி வேண்டும்.

"இரண்டாயிரத்து இரண்டு" என்றேன்.

"வருசம் காணாதம்மா. மாசமும் நாளும் வேணும்."

எனக்குத் தெரியாது. அப்போது கடைக்கு வாப்பா. இந்த டைரிப் பழக்கமும் நான்கு வருடமாகத்தான். ஒரு கிழமை தவணை கேட்டுக்கொண்டு வந்தேன்.

19 அக்டோபர், புதன்

வீரம்மாவுக்குக் கோபம். "ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டீங்களே! நான் உங்களக் காப்பாத்தச் சொன்னேன், நீங்க நேராப் போயி மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க." காலை டீயில் சீனி இல்லை. மறதி இல்லை, எனக்குத் தெரியும்.

மதியம் தாஸிமுக்கு நானே எடுத்தேன். வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டேன். "மகன், ரெண்டு வருஷத்துக்குக் கடையப் பத்திப் பேச வேணாம். வீரம்மாட மகள் படிச்சு முடியும் வரைக்கும் நான் மூடமாட்டேன்." "சரி உம்மா. மொழங்காலுக்கு எண்ணெ அனுப்புறேன்" என்றான். பெற்றதுக்கு அந்தளவுக்காவது.

வீரம்மா ஏணியில் மேல்தட்டுக்கு எட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. பின்னேர டீயில் இரண்டு பேருக்கான சீனி இருந்தது.

20 அக்டோபர், வியாழன்

திகதி கிடைத்துவிட்டது. எங்கிருந்து என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

எந்த நாள் என்று வீரம்மாவுக்கும் நினைவில்லை. தீபாவளிக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை என்று மட்டும் சொன்னாள். பழைய பில் புத்தகங்கள் கறையானுக்குப் போய்விட்டன. இரண்டு பேரும் வாய் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் அவள், "தாத்தா, பெட்டிக்கு அடியில பாப்பமா?" என்றாள்.

வாப்பாவின் சட்டம் ஒன்று உண்டு. புதிய பொத்தான் பெட்டியைத் திறக்கிறவர் அதன் அடிப்பக்கத்தில் திறந்த திகதியைப் பேனாவால் எழுத வேண்டும். எது எத்தனை நாளில் விற்றுத் தீர்கிறது என்று பார்க்க. விற்றுத் தீர்ந்தால் பெட்டியை எறிந்துவிடுவோம். அதனால் பழைய திகதி வேண்டுமென்றால் விற்காத பெட்டியாகப் பார்க்க வேண்டும். எங்கள் கடையில் விற்காத பெட்டிக்கா பஞ்சம்?

அவள் ஏணியில் நின்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினாள். நான் கீழே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். 2011. 2006. 2004. மேல்தட்டு மூலையில் பெரிய ஆரஞ்சு நிறக் கோட்டுப் பொத்தான். ஒன்று ஒரு மாரி பிஸ்கட் அளவு. கண்டியில் யாரும் இதைத் தைத்துப் போட்டதாக நான் அறியேன். கவிழ்த்தாள். உருண்டை உருண்டையான அவளுடைய எழுத்து: 23-09-2002.

ஏணியிலேயே நின்றுவிட்டாள்.

"இதுதான் தாத்தா. மொத நாளு. பெரியவர் இந்தப் பெட்டியக் கையில குடுத்து, தெறந்து தேதி போடு, இத வித்துக் காட்டுன்னு சொன்னாரு. நானும் எல்லாருக்கும் காட்டிப் பாத்தேன்."

எண்ணிப் பார்த்தோம். நூறு பொத்தானில் தொண்ணூற்றெட்டு இருந்தது. இரண்டு யார் வாங்கினார்களோ! இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, லேஸ் வாங்க வந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். இவரிடம் போனில் சொன்னேன். அந்த வருடம் அந்தத் திகதி திங்கட்கிழமைதான் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்.

24 அக்டோபர், திங்கள்

பெட்டியையே கொண்டுபோனேன். வீரசிங்கம் ஒரு பொத்தானை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கட ஒப்புதல் போதும், பெட்டி தேவையில்லை" என்றார். பிறகு, "விக்காததும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கவும் தெரிகிறது.

28 அக்டோபர், வெள்ளி

நாளை தீபாவளி. இத்தனை வருடமும் தீபாவளிக்கு முந்தின நாள் இரவு எட்டு வரைக்கும் மற்றவர்களின் ரவிக்கைக்குக் கொக்கி எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவாள். இன்று நான்கு மணிக்கே அனுப்பினேன். போகமாட்டேன் என்று மூன்று தடவை செருப்பைக் கழற்றினாள்.

31 அக்டோபர், திங்கள்

முறுக்கும் லட்டும் கொண்டுவந்தாள். நான் கடிதத்தைக் கொடுத்தேன். இவர் தட்டச்சு செய்து, நான் கையெழுத்துப் போட்டது. நின்றுகொண்டே விரல் வைத்து வாசித்தாள். சேர்ந்த திகதி வந்த இடத்தில் விரல் நின்றது. அதே இடத்தை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு கீழே வந்தாள். சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணி முதல் விடுமுறை.

"அந்த நேரத்துல நான் என்ன செய்யிறது தாத்தா?"

"எனக்கென்ன தெரியும்? ஒண்டும் செய்யாம இரி."

கடிதத்தை மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பைக்குள் வைத்து, கைப்பையை ஆணியில் மாட்டினாள். ஒரு மணி நேரத்துக்குள் நான்கு தடவை பையைத் திறந்து பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

4 நவம்பர், வெள்ளி

பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைப் பூட்டிவிட்டு அவளையும் ரபீகா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சாப்பிட்டுவிட்டு ரபீகாவின் விறாந்தையில் அரை மணி நேரம் தூங்கிவிட்டாள். கலந்த பொத்தான் அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும்.

5 நவம்பர், சனி

ஒரு மணி அடித்தும் போகவில்லை. நூல் கட்டையை அடுக்குகிறாள், ஏணியைத் துடைக்கிறாள். கடைசியில் நானே கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டி, வெளியே தள்ளினேன். தெரு முனை வரைக்கும் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள்.

பிறகு பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. சனிக்கிழமை பின்னேரம் இவ்வளவு பேர் வருவார்களா? கரும்பச்சை நூல் கேட்டவருக்குக் கறுப்பு நூலைக் கொடுத்து, அவர் திரும்பி வந்து சண்டை பிடித்தார். ஏணியில் இரண்டு படிக்கு மேல் கால் ஏறவில்லை. ஒரு பெண்ணிடம், "திங்கட்கிழமை வாங்க மகள், வீரம்மா இருப்பா" என்றே சொல்லிவிட்டேன்.

மூன்றரைக்கு வாசலில் மல்லிகை வாசம். நிமிர்ந்து பார்த்தால் வீரம்மா! தீபாவளிச் சேலை, தலையில் பூ, பக்கத்தில் மகள்.

"வேலைக்கு வந்தியா? போ வீட்டுக்கு!" என்றேன்.

"வேலைக்கில்ல தாத்தா. கஸ்டமரா வந்திருக்கேன்." மகளுக்கு ரவிக்கை தைக்கப் போகிறாளாம். இரண்டாம் நம்பர் கொக்கி ஒரு அட்டை வேண்டுமாம்.

சொல்லிவிட்டு வாடிக்கையாளர் கதிரையில் உட்கார்ந்தாள். பதினான்கு வருடம் தினமும் துடைத்த கதிரை. முதலில் விளிம்பில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முதுகைச் சாய்த்து. மகளுக்கு என் கதிரையை இழுத்துப் போட்டேன்.

நான் தேடினேன். முதல் தட்டில் இல்லை. இழுப்பறையில் இல்லை. ஏணிக்குப் பின்னால் இல்லை. அவளுக்குக் கை பரபரத்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. இரண்டு கையையும் மடியில் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எழும்பாமல் இருந்தாள். மகள் எழுந்து எடுத்துத் தர வந்தாள். அவளையும் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"இடது கைப் பக்கம் தாத்தா. மூணாவது தட்டு. பச்சை மூடி."

இருந்தது.

அட்டையைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன், எண்ணி மேசையில் வைத்தாள். பில்லும் கேட்டு வாங்கினாள். பிறகும் போகவில்லை. தாயும் மகளும் தெருவைப் பார்த்துக்கொண்டு, போகிற வருகிறவர்களின் சட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவள் எழும்பவே இல்லை.

நான் வலது காலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இடது காலில்.